ஆயிரம் வாட்ஸ் இருக்கு, வசனம் கேட்கலை

போன பொங்கல் லீவில் ஹாலில் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து ஸ்பீக்கர், மூலையில் ஒரு சப்வூஃபர். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அப்பா என் பக்கம் திரும்பி, "என்னடா சொல்றான் அவன்?" என்று கேட்டார். சவுண்டைக் கூட்டினேன். அடுத்த சீனில் ஒரு கார் வெடித்தது. பக்கத்து வீட்டு அண்ணா சுவரைத் தட்டினார். குறைத்தேன். மறுபடி, "என்னடா சொல்றான்?"

அந்த ஆம்ப்ளிஃபையரின் முகப்பில் "1000 வாட்ஸ்" என்று வெள்ளி எழுத்தில் எழுதியிருக்கும். ஆயிரம் வாட்ஸை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் பேசுவது கேட்கவில்லை என்றால் எங்கேயோ கணக்கு இடிக்கிறது. புதுசு வாங்கலாம் என்று கிளம்பினேன். வாங்குவதற்கு முன்னால் மூன்று மாதம் படித்தது, அளந்தது, கடைக்காரர்களிடம் வாதாடியது எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபையர் விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள் இருவர் மீதும் எனக்கு விமர்சனம் உண்டு. வாங்குகிறவர்களில் நானும் ஒருத்தன்.

சுரண்டிப் பார்க்கிற பழக்கம்

அப்பா நாற்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்தவர். புடவையை யார் கொண்டுவந்து காட்டினாலும் விலை கேட்கமாட்டார். முந்தானைப் பக்கம் ஒரு ஜரிகை இழையை நகத்தால் சுரண்டுவார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் தலையாட்டுவார். வெள்ளையாக வேறு ஏதாவது நூல் வந்தால் பேச்சே இல்லை. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியபோது, ஜரிகையில் வெள்ளி 57 சதவீதம், தங்கம் 0.6 சதவீதம் என்று எழுதி வைத்தார்கள். இப்போது எக்ஸ்ரே கருவியில் வைத்தால் சதவீதம் திரையில் வந்துவிடுகிறது. எதை அளக்க வேண்டும், எப்படி அளக்க வேண்டும் என்று ஊருக்கே தெரியும்.

ஆம்ப்ளிஃபையரில் இந்த நகம் நம்மிடம் இல்லை. முகப்பில் எழுதியிருப்பதை அப்படியே நம்புகிறோம். அதனால் முதலில் அந்த வாட்ஸைச் சுரண்டிப் பார்ப்போம்.

முதல் சாட்சி: லோக்கல் அசெம்பிள்டு

தமிழ்நாட்டில் 5.1 ஆம்ப்ளிஃபையர் என்றாலே பாதிப் பேருக்கு ஞாபகம் வருவது அசெம்பிள்டு செட்தான். சென்னை ரிச்சி தெருவில் கேபினெட், டிரான்ஸ்ஃபார்மர், போர்டு என்று தனித்தனியாக வாங்கி, ஊர் மெக்கானிக் சேர்த்துக் கொடுப்பார். நான் பி.இ. படித்த காலத்தில் 4440 ஐசி போர்டில் ஆரம்பித்து, அப்புறம் எஸ்டிகே, அப்புறம் 5200-1943 டிரான்ஸிஸ்டர் ஜோடி என்று வளர்ந்தேன். என் ஹாலில் இருந்ததும் அந்த வகைதான். பாதி வேலை நான் செய்தது, மீதி என் நண்பரான மெக்கானிக் செய்தது.

மூடியைத் திறந்தேன். டிரான்ஸ்ஃபார்மர் 12-0-12, 5 ஆம்பியர். 24 வோல்ட்டை 5 ஆம்பியரால் பெருக்கினால் 120. அதாவது உள்ளே தொடர்ந்து வரக்கூடியதே 120 விஏ. இந்த மாதிரி சர்க்யூட்டில் உள்ளே போவதில் ஏறக்குறைய பாதியிலிருந்து அறுபது சதவீதம்தான் ஸ்பீக்கருக்குப் போகும், மீதி ஹீட்சிங்க்கைச் சுட வைக்கும். ஆக ஆறு சேனலுக்கும் சேர்த்து 60, 70 வாட்ஸ். பெரிய கெபாசிட்டர் இருப்பதால் ஒரு நொடியின் சின்னப் பகுதிக்கு இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தரும். ஆனால் ஆயிரம் எங்கிருந்தும் வராது. "பிஎம்பிஓ" என்று போட்டிருப்பார்கள் பாருங்கள், அந்த எண்ணுக்கு உலகத்தில் எங்கேயும் ஒப்புக்கொண்ட அளவீட்டு முறை கிடையாது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

மெக்கானிக்கிடம் கேட்டேன். "1000ன்னு எழுதாத கேபினெட் கிடைக்கிறதே இல்லை தம்பி. அப்படியே கிடைச்சாலும் யார் வாங்குவா?" என்றார். பதில் நியாயம்தான்.

இரண்டாம் சாட்சி: பிராண்டட் ரிசீவர்

சரி, கம்பெனி ஏவி ரிசீவர் யோக்கியமா? அங்கேயும் சுரண்டினேன். பெட்டியில் பெரிய எழுத்தில் "சேனலுக்கு 150 வாட்ஸ், 7 சேனல்" என்று இருக்கும். பக்கத்தைத் திருப்பி மேனுவலின் கடைசியில் பொடி எழுத்தைப் படித்தால், 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதம் டிஸ்டார்ஷன், ஒரே ஒரு சேனல் மட்டும் ஓடும்போது என்று இருக்கும். ஒரே ஒரு ஸ்வரத்தை, ஒரே ஒரு ஸ்பீக்கரில், காதுக்குக் கரகரப்பு நன்றாகத் தெரிகிற அளவுக்கு முறுக்கி எடுத்த எண் அது. அதே மேனுவலில் இன்னொரு வரி இருக்கும்: 8 ஓம், 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08 சதவீதம் டிஸ்டார்ஷன், இரண்டு சேனல் ஓடும்போது 80 வாட்ஸ் என்கிற மாதிரி. இந்த இரண்டாவது வரிதான் சிவப்பு நூல். வாங்கப் போகும்போது இதை மட்டும் படியுங்கள்.

இந்தக் கூத்து புதுசு இல்லை. அமெரிக்காவில் இதே மாதிரி வாட்ஸ் புளுகு தாங்க முடியாமல் போய், 1974ல் அவர்களுடைய வர்த்தக ஆணையம் ஆம்ப்ளிஃபையர் பவரை எப்படி அளந்து எப்படி விளம்பரம் செய்ய வேண்டும் என்று விதியே போட்டது. அந்த விதி இரண்டு சேனல் ஸ்டீரியோ காலத்துக்கு எழுதியது. சரவுண்ட் வந்து சேனல் பெருகியதும் பழைய வித்தைக்குப் புது இடம் கிடைத்துவிட்டது.

இங்கே நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். ரிசீவரின் பின்பக்கத்தில் "மின் நுகர்வு 400 வாட்ஸ்" என்று இருந்தது. 400 உள்ளே போய் 1050 எப்படி வெளியே வரும் என்று ஒரு கடைக்காரரை மடக்கினேன். வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்தது, அந்த நுகர்வு எண் உச்சபட்சம் இல்லை. ஒரு குறிப்பிட்ட சோதனை நிலையில், முழு பவரில் சின்னப் பகுதியை மட்டும் ஓடவிட்டு எடுப்பது. அதை வைத்து உச்ச பவரைக் கணக்குப் போட முடியாது. என் வாதம் தப்பு. அவர் என்னை மன்னிப்பாராக. ஆனால் ஏழு சேனலுக்கும் ஒரே நேரத்தில் 150 கொடுக்கும் என்று அவர் சொன்னதும் தப்புதான்.

ஆனால் எத்தனை வாட்ஸ் வேண்டும்?

இரண்டு பக்கமும் புளுகு என்று நிரூபித்துவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கேள்வியைக் கேட்டேன். முதலில் கேட்டிருக்க வேண்டியது.

என் ஸ்பீக்கர் 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தரும். சாதாரண வீட்டு ஸ்பீக்கர்களின் அளவு இதுதான். அப்பாவின் நாற்காலி 3 மீட்டர் தள்ளி. வெட்டவெளி என்றால் ஒன்பதரை டெசிபல் குறையும். ஹாலில் சுவர் கொஞ்சம் திருப்பித் தருவதால் ஆறு என்று வைத்துக்கொள்ளலாம். ஆக 1 வாட்டுக்கு நாற்காலியில் 82 டெசிபல்.

படத்தில் வசனம் தெளிவாகக் கேட்க 70 டெசிபல் போதும். 82லிருந்து 12 குறைவு. பவர் கணக்கில் இது ஒரு வாட்டில் பதினாறில் ஒரு பங்கு. ஆமாம், 0.06 வாட்ஸ்! வெடிச் சத்தம் 95 டெசிபல் தொட வேண்டுமானால் 20 வாட்ஸ். தியேட்டரில் வைக்கிற முழு அளவில், ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபல் வேண்டும் என்றால்தான் 200 வாட்ஸ் வரும். சுவரை ஒட்டிச் சுவராக வீடுகள் இருக்கிற பிள்ளையார்பாளையத்தில் அந்த அளவுக்கு வைத்தால் சுவரைத் தட்டமாட்டார்கள், கதவைத் தட்டுவார்கள்.

இன்னொன்று. பவரை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். பத்து மடங்காக்கினால்தான் காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்றும். 80 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் வித்தியாசம் 1 டெசிபல். அந்த ஒரு டெசிபலுக்குத்தான் கடையில் ஐயாயிரம் ரூபாய் கூடக் கேட்கிறார்கள், நாமும் கொடுக்கிறோம்.

ஆக, என் பழைய செட்டின் 70 வாட்ஸே அப்பாவுக்கு ஆயிரம் மடங்கு அதிகம். அப்புறம் ஏன் வசனம் கேட்கலை?

அப்பாவின் காது

வயசானால் காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண்களை. தமிழில் உயிரெழுத்தின் ஒலி தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கும், சத்தமாகவும் இருக்கும். ச, த, ப, க, ட என்று சொல்லைப் பிரித்துக் காட்டுகிற மெய்யொலிகள் மெலிசாக, மேலே இருக்கும். அதனால்தான் பெரியவர்கள் "கேட்குது, ஆனா புரியலை" என்கிறார்கள். "பாட்டு"ம் "காட்டு"ம் அவர்களுக்கு ஒன்றாகிவிடுகிறது.

இதற்கு மேலே சப்வூஃபர். தாழ்ந்த ஒலி உரக்க இருந்தால் அதற்கு மேலே இருக்கிற மெலிசான ஒலியை மூடிவிடும், இது எல்லார் காதுக்கும் உள்ள இயல்பு. நான் மொத்த வால்யூமைக் கூட்டியபோது என்ன நடந்தது? வசனத்தோடு பின்னணி இசையும் கூடியது, பாஸும் கூடியது. மூடுவதும் மூடப்படுவதும் சேர்ந்தே கூடினால் அப்பாவுக்கு என்ன லாபம்? வேண்டியது மொத்தச் சத்தம் இல்லை. வசனத்தை மட்டும் தனியாகத் தூக்கி வைக்கிற வசதி.

5.1 ஒலியில் அந்த வசதி பிறவியிலேயே உண்டு. படத்தின் வசனத்தில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கர் சேனலில்தான் வரும். அந்த ஒரு சேனலை மட்டும் 4 டெசிபல் கூட்டினால் வேலை முடிந்தது. என்னிடமும் நடு ஸ்பீக்கர் இருந்தது, அதற்குத் தனி வால்யூம் குமிழும் இருந்தது. கூட்டினேன். வசனத்தோடு இசையும் சேர்ந்தே கூடியது. இங்கேதான் உண்மையான குட்டு உடைந்தது.

டிகோடர் என்ற பெயரில்

என் செட்டின் உள்ளே இருந்தது "5.1 புரோலாஜிக் போர்டு". 4558 ஐசி நாலைந்து வரிசையாக இருக்கும். இது எந்த டிஜிட்டல் ஒலியையும் பிரிப்பதில்லை. இடது, வலது என்று இரண்டு கம்பியில் வருவதைக் கூட்டி "நடு" என்று அனுப்பும். தாழ்ந்த ஒலியை வடிகட்டி "சப்" என்று அனுப்பும். இடதிலிருந்து வலதைக் கழித்துப் "பின்பக்கம்" என்று அனுப்பும். நிறைய போர்டில் அந்தக் கழித்தல்கூட இல்லை, இடது வலதையே பின்னாலும் அனுப்பிவிடுகிறார்கள். கூட்டி எடுத்த நடுச் சேனலில் வசனமும் இசையும் ஏற்கெனவே கலந்தாகிவிட்டது. பிரிக்க முடியாது.

இதை ஏமாற்று வேலை என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். இந்தப் போர்டு பிறந்த காலத்தை நினைத்துப் பார்க்கணும். தமிழில் 1986ல் 'மாவீரன்' 70 எம்எம்மில் ஸ்டீரியோ ஒலியோடு வந்தது. 1995ல் 'குருதிப்புனல்' டால்பியில், 1996ல் 'கருப்பு ரோஜா' டிடிஎஸ்ஸில். தியேட்டரில் அதையெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் நம்மிடம் இருந்தது விசிடி. விசிடியில் இரண்டு சேனலுக்கு மேல் இடமே கிடையாது. கேபிள் டிவியும் அப்படித்தான். பிரிக்க ஆறு சேனல் இல்லாத இடத்தில், இரண்டை வைத்து ஆறு மாதிரி காட்டியது அந்தப் போர்டு. சில ஆயிரம் ரூபாயில் ஒரு தறிக்காரர் வீட்டில் தியேட்டர் ஆசையைத் தீர்த்தது. அன்றைக்கு அது சரியான விடை. தப்பு எங்கே என்றால், இன்றைக்கு ஓடிடியில் நிஜமான 5.1 வந்து வாசலில் நிற்கும்போதும் அதே போர்டை "டால்பி டிடிஎஸ்" ஸ்டிக்கர் ஒட்டி விற்பதில்.

சுரண்டிப் பார்க்க எளிய வழி இருக்கு. ஒவ்வொரு ஸ்பீக்கரின் பெயரையும் ஒரு குரல் வரிசையாகச் சொல்கிற 5.1 சோதனை ஃபைல் நெட்டில் கிடைக்கும். அதை பென்டிரைவில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள். "சென்டர்" என்று சொல்லும்போது நடு ஸ்பீக்கரில் மட்டும் கேட்டால் உள்ளே டிகோடர் இருக்கிறது. எல்லாவற்றிலும் கேட்டால் 4558தான்.

ஆறு மில்லிசெகண்ட்

இன்னொரு குறையும் உண்டு. எங்கள் ஹால் 12க்கு 16 அடி. பின் ஸ்பீக்கர் அப்பாவின் தலையிலிருந்து 1 மீட்டர். முன் ஸ்பீக்கர் 3 மீட்டர். ஒலி ஒரு மில்லிசெகண்டில் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் போகும். ஆக பின்னால் இருந்து வருவது 6 மில்லிசெகண்ட் முந்திக்கொள்கிறது. ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து வந்தால் முதலில் வந்த திசையைத்தான் நம் மூளை நம்பும். வசனம் பின்னாலும் கசிகிற செட்டில், சிவாஜி எதிரே நின்று பேசினால் குரல் பிடரிக்குப் பின்னால் கேட்கும். பழைய படம் எல்லாம் மோனோ வேறு. ஒரே குரல் ஐந்து இடத்திலிருந்து ஐந்து நேரத்தில் வந்து குழம்புகிறது.

ரிசீவரில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் அடியில் எழுதினால் கிட்ட இருப்பதை அதுவே தாமதப்படுத்தும். ஒரு சின்ன மைக்கை நாற்காலியில் வைத்தால் தானே அளந்துகொள்ளும் வசதியும் இப்போது ஆரம்ப நிலை மாடலிலேயே வருகிறது. மோனோ படத்தை நடு ஸ்பீக்கருக்கு மட்டும் ஒதுக்குகிற புத்தியும் அதற்கு உண்டு. "நைட் மோட்" மாதிரி ஒரு பெயரில், வெடிச் சத்தத்தை அமுக்கி மெல்லிய பேச்சைத் தூக்குகிற வசதியும் உண்டு. பெட்டியின் முகப்பில் பெரிசாக எழுத வேண்டியது இவை நாலும்தான். எழுதுவது வாட்ஸை.

அசெம்பிள்டு பக்கமும் ஒரு நியாயம்

இவ்வளவு சொன்ன பிறகு ரிசீவருக்கு மாலை போட்டுவிட முடியாது. என் அசெம்பிள்டு செட்டில் டிரான்ஸிஸ்டர் போனால் சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும், செலவு சில நூறு ரூபாய். ரிசீவரில் எச்டிஎம்ஐ போர்டு போனால் போர்டையே மாற்ற வேண்டும். என் உறவினர் ஒருவர் வீட்டில் ஒரு இடி மழைக்கு அப்படிப் போச்சு. போர்டு விலை கேட்டு அவர் ரிசீவரை அப்படியே பரணில் வைத்துவிட்டார். கரண்ட் ஏறி இறங்குகிற ஊரில், மே மாத வெயிலில், காற்றோட்டம் இல்லாத ஷோகேஸில் ரிசீவரைத் திணிக்கிறவர்கள் இதை யோசிக்கணும். பழுது பார்க்க முடிவதும் ஒரு தரம்தான். எந்த விமர்சனத்திலும் அதற்கு மார்க் கிடையாது.

நடுவழி ஒன்று உண்டு. ஆப்டிகல் கேபிள் உள்ளே போய் ஆறு ஆர்சிஏ வெளியே வருகிற தனி டிகோடர் பெட்டி. அதை அசெம்பிள்டு செட்டின் ஆறு சேனல் இன்புட்டில் கொடுக்கலாம். டிவி ஆப்டிகலில் டால்பி டிஜிட்டல் அனுப்புகிறதா, டிகோடரில் தாமதம் வைக்கிற வசதி இருக்கிறதா என்று இரண்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காசு குறைவாக இருக்கிறவர்களுக்கு என் சிபாரிசு இதுதான்.

கடைசியில் என்ன செய்தேன்

கடையில் இருந்ததிலேயே கீழ் மாடல் 5.1 ரிசீவர் வாங்கினேன். 7 சேனல் மாடலுக்கும் இதற்கும் இருந்த விலை வித்தியாசத்தில் நல்ல நடு ஸ்பீக்கர் ஒன்று. என் வீட்டில் ஏழு ஸ்பீக்கர் வைக்க இடமும் இல்லை. பழைய அசெம்பிள்டு செட்டைத் தூக்கிப் போடவில்லை. ரிசீவரின் சப்வூஃபர் வெளியீட்டை அதற்குக் கொடுத்தேன், இப்போது அது சப்வூஃபரை மட்டும் ஓட்டுகிறது.

ஹால் தரை டைல்ஸ், மேலே கான்கிரீட், சுற்றிலும் வெறும் சுவர். குரல் எதிரொலித்துக் குழம்பியது. அம்மாவின் பவானி ஜமக்காளம் இரண்டை விரித்து, எதிர்ச் சுவரில் துணி அலமாரியை நகர்த்தினேன். செலவு பூஜ்யம். ரிசீவர் கொடுத்த தெளிவில் பாதி அளவுக்கு இதுவும் கொடுத்தது என்று என் காது சொல்கிறது. அளந்து நிரூபிக்கவில்லை.

சப்வூஃபரை 6 டெசிபல் இறக்கி வைத்தேன். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். ஒன்பது அங்குலச் சுவர் பேச்சுக் குரலை நிறுத்துகிற மாதிரி அதை நிறுத்தாது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணா கோர்வை போட்டுக்கொண்டிருப்பார். உடலுக்கும் கரைக்கும் நிறம் மாறுகிற இடத்தில் ஒவ்வொரு இழையும் கண்ணும் கையும் சேர்ந்து கோர்க்கிற வேலை. அவர் குழியில் கால் வைத்திருக்கும்போது தரை அதிரக் கூடாது. எந்த ரிசீவரின் மைக்கும் இந்த அளவை எடுத்துத் தராது. அவரிடமே போய்க் கேட்டேன். "மத்தியானம் வெய்யி, ராத்திரி ஒம்பதுக்கு மேல வேணாம், காலையில நாலு மணிக்கு எழுந்துக்கணும்" என்றார். அதுதான் என் ஹாலின் கடைசி அட்ஜஸ்ட்மென்ட்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தார். வால்யூம் முன்பு வைத்ததைவிடக் குறைவு. இரண்டரை மணி நேரத்தில் ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பினார். "இந்த வசனத்தை இத்தனை வருஷமா தப்பா சொல்லிட்டு இருந்திருக்கேன்டா" என்றார்.

ரிசீவரில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது, என் கணக்குப்படி, 0.06 வாட்ஸ்.